கூதிர் இருளும் வண்டி விளக்கும்: நாட்டரசன்கோட்டைச் சாலைகள் தரும் பாடங்கள்

ஐப்பசியும் கார்த்திகையும் கூடிய கூதிர்ப் பருவத்தில், சிவகங்கைச் சீமையின் சாலைகளில் இருள் இறங்கும் நேரமும் மக்கள் வீடு திரும்பும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. ஜூன் மாதக் கடைசியில் மாலை 6.40 மணியை ஒட்டி மறையும் சூரியன் நவம்பர் நடுவில் 6 மணிக்கு முன்னரே மறைந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இப்பகுதியில் அந்தி வெளிச்சம் நெடுநேரம் தங்குவதில்லையாதலால், அடுத்த இருபது இருபத்தைந்து நிமிடங்களில் சாலை முழுதும் இருண்டுவிடும். வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்டம் இருக்கும் நாளில் அந்த அவகாசமும் கிடைப்பதில்லை. சிவகங்கையின் அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை முடித்தவர்கள், தனி வகுப்பு முடிந்த பிள்ளைகளை அழைத்து வருபவர்கள், சந்தைக்குப் போய்த் திரும்புபவர்கள் எனப் பலரும் சாலையில் இருப்பது இந்த நேரத்தில்தான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கைகளில், மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரையிலான மூன்று மணி நேரமே நாளின் மிக ஆபத்தான பகுதியாகத் திரும்பத் திரும்ப இடம்பெறுவதும், நாட்டின் விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் அடங்கிவிடுவதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கவை.

மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில் வழியாகத் தொண்டிக்குச் செல்லும் சாலையை விட்டு நாட்டரசன்கோட்டைக்குத் திரும்பும் கிளைச் சாலைகளும், அவ்வூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களை இணைக்கும் சாலைகளும் பெரும்பாலும் குறுகியவை; ஊர் எல்லையைத் தாண்டியதும் தெருவிளக்கு அற்றவை. இருமருங்கும் சீமைக் கருவேலம் அடர்ந்து தார்ச் சாலையின் விளிம்பு வரை கிளை நீட்டியிருப்பதால், பகலில் நூறடி தொலைவிலேயே புலப்படும் மனிதரோ மாடோ இரவில் முள்மரத்துக்குள்ளிருந்து திடீரெனச் சாலையில் தோன்றுவது போன்ற நிலை ஏற்படுகிறது. கண்மாய்க் கரையை ஒட்டிச் செல்லும் இடங்களில் சாலையும் கரையைப் போலவே வளைந்து செல்வதால், எதிர் வண்டியின் ஒளி முதலில் மரங்களின் மீதும் பின்னர் தண்ணீர்ப் பரப்பின் மீதும் பட்டு, இறுதியில் நேரே கண்ணில் வந்து விழுகிறது. ஈரம் காயாத தரையை விட்டு வெப்பம் தங்கிய தாரின் மீது மாடுகள் படுத்துக்கொள்வதும் இப்பருவத்தின் வழக்கமாகும். இச்சாலைகளில் நெடுநாள் வண்டி ஓட்டியவர்களின் பழக்கங்களை நோக்கினால், அவர்கள் அனைவரும் ஒரு கருத்தில் உடன்படுவதைக் காணலாம்: வண்டியின் விளக்கு அதை ஓட்டுபவருக்கு மட்டும் உரியதன்று, எதிரே வருபவரின் கண்ணுக்கும் பின்னால் வருபவரின் கணிப்புக்கும் அதில் சம பங்கு உண்டு.

சட்டமும் இதையே வேறு சொற்களில் வலியுறுத்துகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-ஆம் விதி, சூரியன் மறைந்து அரைமணி நேரத்துக்குப் பிறகும், போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும், 155 மீட்டர் தொலைவிலுள்ள ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்டும் விளக்குகள் எரிய வேண்டும் என்கிறது. அதற்கடுத்த 106-ஆம் விதியோ முகப்பு விளக்கின் ஒளி நிலையாகக் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்றும், விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், வண்டியின் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்றும் அளவு குறித்தே சொல்கிறது. அந்த ஒன்றரை மீட்டர் உயரம், எதிரே இருசக்கர வண்டியில் அமர்ந்து வருபவரின் கண்மட்டத்தை ஒட்டியது என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்விதி யாரைக் காக்க எழுதப்பட்டது என்பது விளங்கும். முதல் விதியை மட்டும் தம் உரிமையாக எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிடுவதே இன்று பரவலாகக் காணப்படும் முதற்பெரும் தவறாகும்.

பேச்சு வழக்கில் ‘பிரைட்’ எனப்படும் உயர் ஒளியைப் போட்டபடியே வழி முழுவதும் செல்பவர்கள், தமக்குச் சாலை நன்றாகத் தெரிவதால் அனைவருக்கும் பாதுகாப்பு என்று கருதுகின்றனர். கண் இயங்கும் முறை அவ்வாறு இல்லை. விழித்திரையில் மங்கிய ஒளிக்கு உரிய கோல் செல்கள், பிரகாசமான ஒளிக்கு உரிய கூம்புச் செல்கள் என இருவகைச் செல்கள் உள்ளன. இருளுக்கு முழுமையாகப் பழகக் கோல் செல்கள் இருபது முதல் முப்பது நிமிடம் எடுத்துக்கொள்கின்றன. அவ்வாறு பழகிய கண்ணில் உயர் ஒளி ஒருகணம் பட்டாலும் அந்தப் பழக்கம் குலைந்து, வண்டி கடந்து சென்ற பின்னரும் சில நொடிகள் எதுவும் தெரியாத நிலை உண்டாகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்குமாகையால், மூன்று நொடிக் குருட்டுத்தன்மை என்பது 50 மீட்டர் தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்குச் சமமாகும். அந்த 50 மீட்டருக்குள் வேலை முடிந்து சாலையோரம் நடந்து வரும் பெண்கள் இருக்கலாம். அவர்களில் ஒருவர் இடுப்பில் குழந்தையுடன் இருக்கலாம். எதிராளி ‘டிம்’ செய்யவில்லை, அதாவது ஒளியைத் தாழ்த்தவில்லை என்பதற்காகத் தாமும் பிரைட்டைப் போட்டுப் பழிதீர்ப்பவர்கள், ஒரு குருடரோடு இன்னொரு குருடரையும் அதே குறுகிய தாருக்கு அனுப்புகிறார்கள் என்பதை உணர்வதில்லை.

பழுத்த ஓட்டுநர்களின் பழக்கம் வேறானது. எதிர் ஒளி வளைவுக்கு அப்பால் மரங்களில் படும்போதே, அதாவது விளக்கு நேரே தெரிவதற்கு முன்பே, அவர்கள் டிம் செய்து வேகத்தையும் குறைத்துவிடுகின்றனர். கூச்சம் வந்த பிறகு பிரேக்கைத் தேடுவதில்லை. பார்வையை எதிர் விளக்கின் மீது வைக்காமல் சாலையின் இடது விளிம்பின் மீது, அங்கே வெள்ளைக் கோடு இருந்தால் அதன் மீது, தாழ்த்திக்கொள்கின்றனர். டிம்மில் செல்லும்போது வேகம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. இருண்ட நிற ஆடை அணிந்து நடப்பவர் தாழ் ஒளியில் பல வேளைகளில் 30, 40 மீட்டருக்குள்தான் புலப்படுகிறார். ஈரத் தாரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஓட்டுபவர் ஆபத்தை உணரும் நேரத்தையும் சேர்த்து, நிற்க ஏறத்தாழ 60 மீட்டர் தேவைப்படும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 35 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே மழைக்கால இரவில் நாட்டரசன்கோட்டையைச் சுற்றியுள்ள கிளைச் சாலைகளில் 40 என்பது மிகையான எச்சரிக்கையன்று, விளக்கின் எட்டுதூரம் விதிக்கும் எல்லை.

விளக்கையே மாற்றிக்கொள்ளும் பழக்கம் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. ஹாலஜன் பல்பு என்பது மெல்லிய இழை சூடேறி ஒளிர்வது. அந்த இழை எங்கே இருக்குமோ அதைக் கணக்கிட்டே பின்னாலுள்ள குழி ஆடி வடிவமைக்கப்படுகிறது. அதே ஆடிக்குள் கடையில் வாங்கிய எல்இடி பல்பைப் பொருத்தினால், ஒளி பிறக்கும் இடம் சற்றே மாறி, தரைக்குச் செல்ல வேண்டிய ஒளி நாற்புறமும் சிதறுகிறது. தாழ் ஒளியில் போட்டாலும் எதிராளிக்கு அது பிரைட்டாகவே தெரியும். ஓட்டுபவருக்கோ வண்டிக்கு அருகில் வெளுப்பாகவும் தொலைவில் முன்னைவிட இருட்டாகவும் இருக்கும். முன்பு தமிழகத்தில் காவல்துறையினர் முகப்பு விளக்கின் நடுவில் கறுப்பு வில்லை ஒட்டுவது வழக்கமாக இருந்தது. இன்றைய சிதறொளிக்கு அந்த வில்லையால் தீர்வு இல்லை, பல்பைக் கழற்றுவதே தீர்வு.

விளக்கு சரியான கோணத்தில் உள்ளதா என்பதை அறிய ஒர்க்‌ஷாப்புக்குச் செல்ல வேண்டிய தேவையில்லை; செட்டிநாட்டு ஊர்களில் நீண்ட வீட்டுச் சுவர்களுக்குப் பஞ்சமும் இல்லை. சமதளமான தெருவில் சுவரை நோக்கி வண்டியை நிறுத்தி, விளக்கு மையத்தின் உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து, பின்னர் வண்டியை நேராக 10 மீட்டர் பின்னுக்கு எடுத்துத் தாழ் ஒளியைப் போட்டால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். குறிக்கு மேலே விழுந்தால் அந்தக் கார் எதிரே வரும் ஒவ்வொருவரின் கண்ணையும் தாக்கிக்கொண்டே செல்கிறது என்று பொருள். இச்சோதனையைப் பின்னிருக்கையில் ஆள்களை அமர்த்தியும் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வரும் குடும்பங்கள் ஐவராக அமர்ந்து, டிக்கி நிறையச் சாமான் ஏற்றும்போது காரின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிர்கிறது, விளக்கும் நிமிர்கிறது. இதற்காகவே பல கார்களில் ஸ்டியரிங்குக்கு அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு திருகி வைக்கப்பட்டுள்ளது. எண் கூடக் கூட ஒளி தாழும். கார் வாங்கிய நாள்முதல் அதைத் தொடாதவர்களே மிகுதி என்பது வருந்தத்தக்கது.

முன்விளக்கைப் பற்றி இவ்வளவு பேசினாலும், இப்பகுதியின் இரவு விபத்துகளுக்குப் பின்விளக்கு இல்லாமையும் அதே அளவு காரணமாகும். கருவேலங்கட்டை ஏற்றிய டிராக்டர் பெட்டி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. டிராக்டரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் ஒயர் அறுந்து நெடுநாளாகியிருக்கும். ஒயர் இருந்தாலும் பின்னே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகள் விளக்கை மறைத்திருக்கும். முதிர்ந்த கட்டையின் பழுப்பும் இரவின் கருமையும் கலந்த அந்தப் பாரத்தைப் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் தம் முகத்துக்கு நேரே வந்த பின்புதான் காண்கிறார். இருபுறமும் பால் கேன் தொங்கும் டிவிஎஸ் மொபட்டில் சிவப்பு விளக்கைச் சாக்கு மறைப்பதும், பின்னிருக்கையில் அமர்ந்தவரின் புடவைத் தலைப்பு அதன்மேல் விழுந்து கிடப்பதும் அன்றாடக் காட்சிகள். 2017 ஏப்ரல் முதல் விற்பனையாகும் இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு எஞ்சினோடு தானாகவே எரியும்படி விதி செய்யப்பட்டதால் முன்பக்கக் குறை ஓரளவு தீர்ந்தது; பின்பக்கத்துக்கு உரியவரின் அக்கறையே துணை. சிவப்பு நிற ஒளி பிரதிபலிப்புப் பட்டைக்கு மின்சாரமும் வேண்டா, ஒயரும் வேண்டா. பெட்டியின் இரு மூலைகளிலும் மாட்டு வண்டியின் பின்தட்டியிலும் அதை ஒட்டிவைத்தால், பின்னால் வரும் வண்டியின் வெளிச்சமே அதை எரியச் செய்துவிடும். பழுதாகி நின்ற வண்டிக்குப் பின்னால் கல்லையும் தழையையும் வைத்துவிட்டு, வண்டி கிளம்பியதும் கற்களை அப்படியே விட்டுச் செல்வது இன்னொரு கொடிய பழக்கம். அந்தக் கல்லின் மீது ஏறி விழுபவர் பெரும்பாலும் அடுத்து வரும் இருசக்கர வண்டிக்காரரே.

மழையும் தன் பங்கைச் செய்கிறது. நீர்ப்படலம் பூத்த தார் கண்ணாடி போலாகி, ஓட்டுபவரின் விளக்கொளியை முன்னோக்கியே வழியவிட்டு எதிராளியின் ஒளியை மட்டும் இரட்டித்துக் காட்டுகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் புகை போன்ற படலமும், கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியும் ஒவ்வொரு விளக்கையும் ஒளிச்சிதறலாக மாற்றிவிடுகின்றன. ஆதலால் கார்த்திகை பிறக்குமுன் வைப்பர் ரப்பரையும் ஹெல்மெட் கண்ணாடியையும் மாற்றுவது பயனுள்ள செலவாகும். மழை விட்ட அந்தியில் ஈசல் கிளம்பும்போது கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டினால் கண்ணில் ஈசல் விழும் என்பதை இவ்வூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்புற இண்டிகேட்டரையும் ஒரே நேரத்தில் மின்னவிட்டு ‘நேராகப் போகிறேன்’ என்று உணர்த்தும் வழக்கம் குறித்தும் ஒரு சொல்: குறுக்குச் சாலையில் நிற்பவருக்கு ஒருபக்க இண்டிகேட்டர் மட்டுமே கண்ணில் படுமாகையால், அவர் அவ்வண்டி தம் பக்கம் திரும்புவதாகவே எண்ணுவார்.

நாட்டரசன்கோட்டை கண் நலம் வேண்டி மக்கள் வரும் ஊர். கண்ணாத்தாள் என்று மக்கள் அழைக்கும் கண்ணுடைய நாயகி அம்மன் சந்நிதிக்குக் கண் நோய் தீர வேண்டிக்கொண்டு வருபவர்களில் முதியோர் மிகுதி. அவர்களில் பலர் தாமே வண்டி ஓட்டி வருகின்றனர். அறுபது வயதில் விழித்திரையை அடையும் ஒளி இருபது வயதில் அடைந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. புரை தொடங்கிய கண்ணில் எதிர் விளக்கு ஒளிவட்டமாக விரிந்து சாலையையே மறைக்கிறது. பகலில் செய்தித்தாள் படிக்க முடிகிறது என்பதால் இரவில் ஓட்டவும் முடியும் என்று கொள்வது தவறு. அம்மனை வணங்குவதோடு மருத்துவரிடமும் கண்ணைக் காட்டிவிட்டு இரவுப் பயணத்தைத் தீர்மானிப்பதே அறிவுடைமை. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இங்கிருந்து நெடுந்தொலைவிலும் இல்லை.

தைப்பொங்கலுக்குப் பின் வரும் முதல் செவ்வாய்க்கிழமை மாலையில், நகரத்தார் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் அம்மன் கோயில் முன் வரிசையாகப் பானை வைக்கும் செவ்வாய்ப் பொங்கலுக்கு வெளியூர்களிலிருந்து வந்து குவியும் கார்கள் அனைத்தும் இருட்டிய பின்னரே இதே குறுகிய சாலைகள் வழியாக வெளியேறுகின்றன. அதே நாட்களில்தான் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடைப்பயணமாகச் செல்லும் காவடிக் கூட்டங்களும் அதிகாலை இருளிலும் அந்தியிலும் சாலையோரம் நடக்கின்றன. நடப்பவர்கள் முதுகில் ஒளிரும் பட்டையோடு செல்ல வேண்டும்; ஊரை விட்டுக் கிளம்பும் காரோட்டிகள் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து நான்கு விளக்கும் எரிகின்றனவா என்று பார்த்து, சாமான் பாரத்துக்கு ஏற்ப விளக்கைத் தாழ்த்தி, எதிரே ஒரு சைக்கிள் வந்தாலும் டிம் செய்ய வேண்டும். பேரூராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் ஒவ்வோராண்டும் ஐப்பசிக்கு முன்பே வளைவுகளில் கருவேலத்தை வெட்டி, கிளைச் சாலை பிரியும் இடங்களில் ஒரு விளக்கையேனும் எரியவிட வேண்டும்.