அடியில் வாழும் மீனும் பசியாறல் வேண்டும்
கலப்பு மீன் தொட்டியிற் கெளிறுகளுக்கு உணவிடும் முறை



வயல் வேலையும் தோட்ட வேலையும் ஓய்ந்த வேளையிற் கவனிக்கக்கூடிய சிறு தொழில்களுள் அலங்கார மீன் வளர்ப்பும் ஒன்றாகும். இதனைத் தொடங்குவோர் கப்பி, வாள்வால் முதலிய மீன்களுடன், அடியில் வாழும் சிறு கெளிறுகளையும் ஒரே தொட்டியில் விடுவதுண்டு. சில கிழமைகள் சென்றபின், மேலே நீந்தும் மீன்கள் கொழுத்திருக்கக் கெளிறுகள் மட்டும் ஒவ்வொன்றாய் மடியும். நோய் வந்ததென்று எண்ணி மருந்து தேடுவதற்கு முன், அவற்றிற்கு உணவு கிடைத்ததா என்பதை ஆராய்தல் வேண்டும்.

"கெளிறு தொட்டியைத் துப்புரவாக்கும், மற்ற மீன்களின் எச்சிலைத் தின்றே வாழும்" என்னும் நம்பிக்கையே இவ்விழப்பிற்குக் காரணம். இச்சிறு கெளிறுகள் கழிவை உண்டு வாழ்வதில்லை. மேல்மீன்கள் பசியுடன் இருக்கும் தொட்டியில் அடிக்கு எச்சிலும் வந்து சேர்வதில்லை. வலிய கன்றுகள் முட்டித் தள்ள ஒதுங்கி நிற்கும் மெலிந்த கன்றுக்கு வேறிடத்தில் உணவு வைப்பீர்கள் அல்லவா? கெளிற்றிற்கும் அதுவே வழி.

மீனின் இயல்பு

தொட்டிகளில் மிகுதியாக வளர்க்கப்படும் சிறு கெளிறுகள் கோரிடோரசு என வழங்கப்படும் தென்னமெரிக்க மீன்களாகும். அவற்றுள் வெண்கலக் கெளிறு, திரினிடாத்துத் தீவில் எடுக்கப்பட்ட மீன்களைக் கொண்டு 1858 இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இது ஏறக்குறைய 6 அல்லது 7 சென்ரிமீற்றர் நீளம் வளரும். வாய் கீழ்நோக்கி அமைந்திருப்பதால் மிதக்கும் உணவை எளிதில் எடுக்க இயலாது. மீசைகளால் மணலைத் துழாவியே இரை தேடும். கூரிய கல்லும் அழுகிய அடிமண்டியும் மீசைகளைத் தேய்த்துவிடும். மீசை தேய்ந்த மீன் இரை தேடும் ஆற்றலில் குன்றும். ஆதலால் நன்கு கழுவிய மெல்லிய ஆற்றுமணலையே அடியிற் பரப்புக.

இம்மீன் கூட்டமாக வாழ்வது. ஒன்றிரண்டாக விட்டால் அஞ்சி மறைவிலேயே கிடந்து, உணவு விழுந்தாலும் வெளிவரத் தயங்கும். ஆறு மீன்களுக்குக் குறையாமல் ஒருங்கே விடுக. உடைந்த மண்சட்டி, வேர்க்கட்டை, நீர்ப்பூண்டு ஆகியவற்றால் நிழலும் மறைவும் அமைத்துக் கொடுக்க.

கெளிறு இடையிடையே மேலே விரைந்து வந்து காற்றை விழுங்கிக் கீழே இறங்கும். அஃது இரை தேடி வருவதன்று. விழுங்கிய காற்றிலுள்ள ஒட்சிசனைக் குடலின் மூலம் ஏற்கும் இயல்பு இதற்குண்டு. எனினும், மீண்டும் மீண்டும் அவ்வாறு வருமாயின் நீர் கெட்டுவிட்டதோ என ஐயுறுதல் வேண்டும்.

உணவு வகை

நீரில் உடனே தாழும் குளிசை உணவே நாளாந்த உணவாகத் தக்கது. மிதக்கும் உணவைக் கெளிற்றின் பங்காகக் கணக்கிடற்க. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, நன்கு கழுவிச் சிறிதாக நறுக்கிய மண்புழுவைக் கொடுக்கலாம். நுளம்புக் குடம்பிகளையும் இம்மீன்கள் விரும்பி உண்ணும்; ஆனால் அவற்றைப் பெறும்பொருட்டு நீரைத் தேக்கி வைத்தல் கூடாது. அது டெங்கு நோய்க்கு இடமளிப்பதாகும்.

உணவிடும் நேரமும் முறையும்

அந்தியிலும் வைகறையிலும் கெளிறுகள் ஊக்கமாக இரை தேடும். மாலையில் மேல்மீன்களுக்கு உரிய உணவை முதலில் இட்டு, அவற்றைப் பசியாறச் செய்க. பின்னர் விளக்கை அணைத்து அரை மணி நேரம் பொறுத்திருந்து, தாழும் உணவைக் கெளிறுகளின் மறைவிடத்துக்கு அருகே மூன்று நான்கு இடங்களில் இடுக. ஒரே இடத்தில் இட்டால் வலியவை மட்டும் உண்ணும்.

மேல்மீன்கள் அப்பொழுதும் கீழிறங்கிக் கவர்ந்தால், தொட்டியின் ஒரு முனையில் மிதக்கும் உணவைத் தூவி அவற்றை அங்கே ஈர்த்துக்கொண்டு, மறுமுனையில் அகன்ற குழாய் ஒன்றின் வழியாகத் தாழும் உணவை அடியிற் சேர்க்கலாம்.

அளவை அறிதல்

உணவு போதாமை கெளிற்றைக் கொல்லும். உணவு மிகுதி தொட்டி முழுவதையும் கொல்லும். எஞ்சிய உணவு அழுகும்போது அமோனியா உண்டாகும், ஒட்சிசனும் குறையும். கெடுதலை முதலில் அடைவனவும் அடிவாழ் மீன்களே. எனவே சிறிதளவில் தொடங்கி, மறுநாட் காலையில் இரண்டைக் கவனிக்க.

முதலாவது, மணலின் மேல் உணவு எஞ்சியுள்ளதா என்பது. எஞ்சியிருப்பின் றப்பர் குழாயால் உறிஞ்சி அகற்றி, அன்று மாலை அளவைக் குறைக்க. இரண்டாவது, மீனின் வயிறு. நன்கு உண்ட மீனின் வயிறு சிறிது திரண்டிருக்கும்; பட்டினி கிடக்கும் மீனின் வயிறு உள்வாங்கி, தலை மட்டும் பெரிதாகத் தோன்றும். உணவு எஞ்சியிருந்தும் வயிறு ஒட்டியிருப்பின், அளவைக் கூட்டுதல் தீர்வாகாது. நீரையும் மீசைகளையும் நோய்க்குறிகளையும் சோதித்தல் வேண்டும்.

கிழமைக்கு ஒரு முறை நீரில் நாலில் ஒரு பங்கை மாற்றுக. புதிய நீர் பழைய நீரின் வெப்பநிலையை ஒத்திருத்தல் நன்று.

கமக்காரர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை

பீடைநாசினி தெளித்த கையாலோ உடையுடனோ தொட்டியை அணுகற்க. சவர்க்காரமிட்டுக் குளித்த பின்னரே உணவிடுக. கையிற் சவர்க்காரமும் எஞ்சியிருத்தலாகாது. பீடைநாசினி கலந்த வாளியைத் தொட்டிக்குப் பயன்படுத்தற்க. மருந்து தெளித்த பாத்தியிலிருந்து மண்புழு எடுக்கற்க. மிகச் சிறிதளவு நஞ்சும் மீன்களைக் கொல்லப் போதியது.

வேண்டாத மீன்களை வாய்க்காலிலோ குளத்திலோ விடுதல் பெருந்தவறு. தொட்டி துப்புரவாக்கி என வாங்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறுகள் இலங்கையின் நீர்த்தேக்கங்கள் சிலவற்றில் இவ்வாறே பரவியுள்ளன.

நினைவிற் கொள்க

1. எச்சிலை நம்பிக் கெளிறு வளர்க்கற்க.
2. ஆறுக்குக் குறையாமல் விடுக. மணலும் மறைவும் அமைக்க.
3. மேல்மீன்களுக்கு முதலிலும், கெளிறுகளுக்கு விளக்கணைத்த பின்னரும் உணவிடுக.
4. தாழும் உணவைப் பல இடங்களில் இடுக.
5. காலைதோறும் மணலையும் வயிற்றையும் பார்க்க.

பயிரின் வாட்டத்தை இலையில் உடனே காண்பீர்கள். மறைவில் வாழும் மீனின் வாட்டத்தையோ தேடிப் பார்த்தே அறிதல் வேண்டும். நாள்தோறும் சிறிது நேரம் இதற்கென ஒதுக்குவீர்களாயின் மீன் இழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம்.