காணொலிச் சுருக்கம்: அளவும் தரமும்

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சுற்றி ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அவற்றுள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தன. எனினும், பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா என்றால் உறவினர்கள் ஒன்றுகூடுவர். வர இயலாதவர்களுக்குப் புலனத்தின்வழி காணொலி போய்ச் சேரும். அதில் தேர் தெரியும், கூட்டம் தெரியும். ஆனால், தேரின் அருகில் நிற்கும் பாட்டியின் முகம் மட்டும் கட்டம் கட்டமாகக் கலைந்திருக்கும். இதற்குப் படமெடுத்த திறன்பேசி மட்டுமே காரணம் அன்று. காணொலி எவ்வாறு சுருக்கப்பட்டது என்பதும் முக்கியக் காரணமாகும்.

காணொலியை ஏன் சுருக்க வேண்டும்? ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். முழு உயர்தரப் படம் ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 எனச் சுமார் 20 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட் தேவை எனக் கொண்டால், ஒரு படத்திற்கு ஏறத்தாழ 6.2 மெகாபைட் வேண்டும். நொடிக்கு 25 படங்கள் வீதம் ஒரு நிமிடக் காணொலி 9.3 கிகாபைட்டாக வளர்ந்துவிடும். அதே காணொலியை நொடிக்கு 8 மெகாபிட் என்னும் வீதத்தில் சுருக்கினால் கோப்பின் அளவு 60 மெகாபைட் மட்டுமே. அஃதாவது, கோப்பு 155 மடங்கு சிறியதாகிறது.

இச்சுருக்கம் இரண்டு வழிகளில் நடைபெறுகிறது. முதலாவது, மாறாததைத் திரும்ப எழுதாமல் விடுவது. தேர் அசையாமல் நிற்கும்போது அடுத்தடுத்த படங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே, முதல் படத்தை முழுமையாகப் பதிந்துவிட்டு, பிறகு மாற்றங்களை மட்டும் பதிந்தால் போதும்.

இரண்டாவது, நுண்ணிய வேறுபாடுகளைத் தோராயமாக்குவது. படம் சிறுசிறு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் கணித முறையில் எண்களாக மாற்றப்படுகிறது. இம்மாற்றத்திற்கு அடிப்படையான ஆய்வுக்கட்டுரையை பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்டனர். இவ்வாறு கிடைத்த எண்கள் பின்னர் முழுமையாக்கப்படுகின்றன.

தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒருவர் 11.4 கிலோவும் மற்றொருவர் 11.6 கிலோவும் கொண்டு வந்தனர் எனக் கொள்க. கிலோ கணக்கில் முழுமையாக்கினால் 11, 12 என எழுதலாம். ஐந்து ஐந்தாக முழுமையாக்கினால் இருவருக்குமே 10 என்றுதான் எழுத நேரிடும். கணக்கேடு எளிதாகிவிடும், ஆனால், இருவருக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துவிடும். ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதனைப் பிறகு ஒருபோதும் மீட்க முடியாது. படத்தின் நுண்மைகளும் இப்படித்தான் தொலைகின்றன.

எவ்வளவு முழுமையாக்குவது என்பதைத் தீர்மானிப்பவையே சுருக்க அமைப்புகள். அவற்றுள் இரண்டு முக்கியமானவை. பிட் வீதத்தை நிலையாக வைத்தால் கோப்பின் அளவை முன்கூட்டியே கணக்கிடலாம். நொடிக்கு 4 மெகாபிட் என்றால் நிமிடத்திற்கு 30 மெகாபைட். 2 மெகாபிட் என்றால் 15 மெகாபைட். ஆனால், படத்தின் தரம் காட்சிக்குக் காட்சி மாறும். மேடைப் பேச்சு தெளிவாக இருக்கும். தீமிதியின் புகையும், காற்றில் ஆடும் இலைகளும், நகரும் கூட்டமும் சிதையும்.

தர எண்ணை நிலையாக வைப்பது மற்றொரு முறையாகும். எக்ஸ்264 என்னும் மென்பொருளில் இவ்வெண் பொதுவாக 0 முதல் 51 வரை அமையும். இயல்பான மதிப்பு 23. எண் கூடினால் தரம் குறையும். ஆறு எண்கள் கூட்டினால் கோப்பு ஏறத்தாழப் பாதியாகும். ஆறு குறைத்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இம்முறையில் தரம் ஓரளவு சீராக இருக்கும். கோப்பின் அளவுதான் காட்சிக்கேற்ப மாறும். சுருங்கக் கூறின், அளவு, தரம் ஆகிய இரண்டில் ஒன்றைப் பிடித்தால் மற்றொன்றைத் தளர்த்த வேண்டும்.

இதே சிக்கல் தொலைக்காட்சிக்கும் உண்டு. 2019 ஜூலை 21ஆம் நாள், கெடாவைச் சேர்ந்த லங்காவித் தீவில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. மலேசியாவில் முழுமையாக இலக்கவியல் ஒளிபரப்புக்கு மாறிய முதல் இடம் அதுவே. அதே ஆண்டில் நாடு முழுவதும் மாறியது. முன்பு ஓர் அலைவரிசை மட்டும் பயணம் செய்த அதே இடத்தில், சுருக்கத்தின் பயனாக இன்று பல அலைவரிசைகள் பயணம் செய்கின்றன. ஆயினும், அந்த இடத்தில் மேலும் மேலும் அலைவரிசைகளைச் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பிட் வீதம் குறையும்.

தரத்தை எவ்வாறு அளப்பது? மூலப் படத்தையும் சுருக்கிய படத்தையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுவது ஒரு வழி. ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் 0 முதல் 255 வரை இருக்கும். இரு மதிப்புகளின் வேறுபாட்டை வர்க்கப்படுத்திச் சராசரி காண்பர். அதிலிருந்து பி.எஸ்.என்.ஆர். என்னும் அளவு டெசிபலில் கணக்கிடப்படுகிறது. சராசரி 65 எனில் ஏறத்தாழ 30 டெசிபல், 6.5 எனில் ஏறத்தாழ 40 டெசிபல். எண் உயர்ந்தால் படம் மூலத்திற்கு நெருக்கமாக உள்ளது என்று பொருள்.

எனினும், சராசரி எப்போதும் முழு உண்மையைச் சொல்வதில்லை. வகுப்பின் சராசரி மதிப்பெண் உயர்ந்திருந்தாலும் ஒரு மாணவர் பின்தங்கியிருக்கலாம் அல்லவா? அதுபோல, படத்தின் பெரும்பகுதி தெளிந்த வானமாக இருந்தால் டெசிபல் உயர்ந்தே காட்டும். ஒரு மூலையில் நிற்கும் பாட்டியின் முகம் சிதைந்ததை அது காட்டாமல் போகலாம். இக்குறையை ஓரளவு போக்க, படத்தின் அமைப்பை ஒப்பிடும் எஸ்.எஸ்.ஐ.எம். என்னும் அளவு 2004இல் வெளிவந்தது. மனிதர்கள் பார்த்து வழங்கிய மதிப்பீடுகளைக் கொண்டு பயிற்றப்பட்ட வி.எம்.ஏ.எஃப். என்னும் அளவை நெட்பிலிக்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்டது. எண்கள் வழிகாட்டும், இறுதியில் கண்ணும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

ஆகவே, திருவிழாவைப் படமெடுப்போர் சிலவற்றை நினைவில் கொள்வது நன்று. மூலக் கோப்பை அழிக்காமல் தனியே சேமிக்க வேண்டும். சுருக்கிய கோப்பை மீண்டும் மீண்டும் சுருக்காமல், ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே புதிய படி எடுக்க வேண்டும். மங்கிய காணொலியின் பிட் வீதத்தைப் பிறகு கூட்டினால் கோப்புதான் பெருக்கும்; தொலைந்த முகம் திரும்பாது. புலனத்தில் அனுப்பும்போது 'ஆவணம்' என அனுப்பினால் கோப்பு சுருக்கப்படாமல் சேரும். முழுக் காணொலியையும் சுருக்குவதற்கு முன், கூட்டமும் புகையும் நிறைந்த பத்து நொடிப் பகுதியைச் சோதித்துப் பார்ப்பது சிறந்தது.

தோட்டங்கள் மறையலாம், அங்கு வாழ்ந்த மூத்தோரும் ஒருநாள் மறைவர். அவர்களின் முகத்தையும் குரலையும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்ப்பவை இக்காணொலிகளே. இடத்தை மிச்சப்படுத்துவது தவறன்று. எதை இழக்கிறோம் என்பதை அறிந்து மிச்சப்படுத்துவதே அறிவுடைமையாகும்.