தனியாக இருந்தால் தாங்காது

கேள்வி: இரண்டு கண்ணாடிக் கெளுத்தி வாங்கித் தொட்டியில் விட்டேன். ஒரே வாரத்தில் ஒன்று செத்துவிட்டது. மற்றது செடிக்குப் பின்னாலேயே ஒளிந்து கிடக்கிறது. கல் உப்புப் போடலாமா? – வாசகி, செம்பூர், மும்பை

உப்பு வேண்டாம் அம்மா. கெளுத்திக்குச் செதில் இல்லை. மற்ற மீன்கள் தாங்கும் உப்பும் மருந்தும் இதன் தோலைப் பதம் பார்த்துவிடும். உங்கள் மீனுக்குத் தேவை துணை. தாய்லாந்து ஆறுகளில் கூட்டமாகத் திரியும் இனம் இது. ஆறு மீன்களாவது சேர்ந்தால்தான் பயம் தெளியும். ஒன்றிரண்டாக விட்டால் இரை எடுக்காமலே நலிந்துபோகும்.

தண்ணீரில் உங்களுக்கு அதிர்ஷ்டம். தான்சா, வைதர்ணா, பாட்சா ஏரிகளிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீர் மென்மையானது, இந்த மீனுக்கு ஏற்றது. குளோரின் போக ஒரு நாள் வாளியில் காற்றுக் குழாய் போட்டு வைத்துவிட்டு ஊற்றுங்கள். சொசைட்டியின் போர் தண்ணீரைக் கலக்காதீர்கள். ஃபில்டர் ஒரு மாதமாவது ஓடாத புதுத் தொட்டியில் இதை விடவே கூடாது. இரை தரையில் விழுந்துவிட்டால் பெரும்பாலும் சீண்டாது. ஃபில்டர் நீரோட்டத்தில் மிதக்கும்படி உறையவைத்த ஆர்ட்டீமியா இறாலைக் கொஞ்சமாகப் போடுங்கள்.

தினமும் உடம்பைப் பாருங்கள். முள்ளெலும்பு பளிச்சென்று தெரிந்தால் நலம். பால் போல வெளுத்தால் ஆபத்து.

தொட்டி 80 லிட்டருக்குக் குறையாமல் இருந்தால், குர்லா பக்கமோ கிராஃபோர்ட் மார்க்கெட்டிலோ இன்னும் ஐந்து வாங்கி விடுங்கள். அதுவரை விளக்கை அணைத்தே வையுங்கள்.