பழைய வீட்டைச் சீர்செய்தல்: கணக்கும் ஒப்பந்தமும்

உழவர் பெருமக்கள் நிலத்திற்கு அடுத்தபடியாகத் தம் பொருளை மிகுதியாக இடுவது வீட்டிலேயாகும். ஓட்டு வீட்டைச் சீர்செய்யவும், ஓர் அறை கூட்டிக் கட்டவும் அறுவடைப் பணமும் நகைக் கடனும் சேர்ந்தே செலவாகின்றன. ஆயினும், ஒரு மூட்டை விதைநெல் வாங்கும்போது கேட்கும் கேள்விகளில் பாதியைக்கூட நாம் வீட்டு வேலையை ஒப்படைக்கும்போது கேட்பதில்லை. வாய்ச்சொல்லில் விலை பேசி, பெரும்பகுதிப் பணத்தை முன்னரே கொடுத்து, ஓட்டைப் பிரித்தபின் வேலை நின்றுபோக, ஐப்பசி மழையில் தார்ப்பாயின்கீழ் ஒதுங்கிய குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். இதற்கு எப்போதும் ஒப்பந்தக்காரரின் தீய எண்ணமே காரணமன்று. எந்த வேலை, எவ்வளவு, எப்போது பணம் என்பன இரு தரப்பாருக்கும் தெளிவுபடாமையே பெரும்பாலும் காரணமாகும். ஆகவே, கடப்பாரையை எடுக்குமுன் செய்ய வேண்டுவனவற்றை இங்கு முறையாகக் காண்போம்.

1. குறையின் காரணத்தை அறிதல்

சுவரில் ஈரம் தெரிந்தவுடன் புதிய பூச்சுக்கு ஏற்பாடு செய்வது தவறு. ஈரம் மேலிருந்து இறங்குகின்றதா, தரையிலிருந்து ஏறுகின்றதா என்று முதலில் காண வேண்டும். கூரை ஒழுக்கை அடைக்காமல் பூசிய பூச்சு அடுத்த மழையிலேயே பெயர்ந்துவிடும். சுவரில் விரிசல் இருப்பின், அதன் இரு முனைகளிலும் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தல் நன்று. சில மாதங்களில் விரிசல் கோட்டைத் தாண்டி வளருமானால், அடித்தளத்தை ஆராயாமல் பூசிப் பயனில்லை. உத்திரத்திலும் கைமரத்திலும் கறையான் உண்டா என்று தட்டிப் பார்த்தல் வேண்டும்.

களிமண் சாந்தில் எழுப்பிய பழைய சுவரின்மீது ஓட்டை நீக்கிக் கான்கிரீட் தளம் போட விரும்புவோர் உளர். 5 அங்குலக் கனமுள்ள கான்கிரீட் தளம் ஒரு சதுரத்திற்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறத்தாழ 3 டன் எடையுள்ளது. அதைத் தாங்கும் வலிமை சுவருக்கு உண்டா என்று பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் இவ்வேலையில் இறங்கலாகாது. இது உயிரைப் பற்றிய செய்தி.

2. வரிசையும் காலமும்

முதலில் கூரை, பின்னர் சுவர், இறுதியில் தரை என்பதே முறையான வரிசை. தை அறுவடைக்குப்பின் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரை வேலையை முடித்துவிட வேண்டும். புதிய அறையோ மாடியோ கட்டுவதாயின், கட்டட அனுமதி குறித்து ஊராட்சி அலுவலகத்தில் முன்னரே கேட்டறிக.

பழைய வீட்டைப் பிரிக்கும்போது மறைந்திருந்த பழுதுகள் வெளிப்படும். ஆதலால், மதிப்பீட்டுத் தொகைக்கு மேல் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கைவசம் ஒதுக்கி வைத்தபின்னரே வேலையைத் தொடங்குக.

3. ஒப்பந்த வகை

தினக்கூலி, கூலி ஒப்பந்தம், பொருளுடன் ஒப்பந்தம் என வழக்கில் மூவகை உண்டு. அளவு முன்னரே தெரியாத சிறு பழுதுகளுக்குத் தினக்கூலி ஏற்றது. பொருளை நாமே வாங்கிக் கொடுக்க நேரமுள்ளவர்களுக்குக் கூலி ஒப்பந்தம் சிக்கனமானது. பொருளுடன் ஒப்பந்தம் செய்வோர் சிமெண்டு, கம்பி, மணல், மரம் ஆகியவற்றின் வகையையும் தரத்தையும் எழுதிக்கொள்ளாவிடில் பின்னர் வாதாட இடமிராது.

எவ்வகையாயினும், இருவர் மூவரிடம் மதிப்பீடு கேட்க வேண்டும். எல்லாரிடமும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்தால்தான் விலையை ஒப்பிட முடியும். அவர்கள் முன்பு செய்த வேலைகளுள், ஒரு மழைக்காலம் கண்ட வீட்டை நேரில் சென்று பார்க்க வேண்டும்.

4. அளவை முறை

பூச்சு வேலையில் வழக்கு எழுவது அளவையிலேயே. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையின் உட்சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. 3 அடிக்கு 7 அடி வாசல் ஒன்றையும், 4 அடிக்கு 4 அடி சன்னல் ஒன்றையும் கழித்தால் 403 சதுர அடியே ஆகும். ஓர் அறைக்கே 37 சதுர அடி வேறுபாடு. கழித்து அளப்பதா, கழிக்காமல் அளப்பதா என்பதை முன்னரே எழுதிக்கொண்டால் மனத்தாங்கல் நேராது.

5. பணம் கொடுக்கும் முறை

பணம் வேலைக்குப் பின்னால் செல்ல வேண்டுமேயன்றி முன்னால் ஓடலாகாது. 2,00,000 ரூபாய் வேலைக்குப் பின்வருமாறு பிரிக்கலாம்:

முன்பணம் – ரூ. 20,000
கூரை முடிந்தபின் – ரூ. 80,000
பூச்சு முடிந்தபின் – ரூ. 50,000
தரையும் வண்ணமும் முடிந்தபின் – ரூ. 30,000
ஒரு மழை பெய்து ஒழுக்கில்லை எனக் கண்டபின் – ரூ. 20,000

ஒவ்வொரு தவணைக்கும் கையொப்பமிட்ட சீட்டுப் பெறுக. இடையில் கூடுதல் வேலை சொன்னால், அதன் விலையை எழுதியபின்னரே செய்விக்க வேண்டும். அதேபோல், முடிந்த வேலைக்குரிய பணத்தைத் தாமதிப்பதும் முறையன்று. கொத்தனாரும் சித்தாளும் அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவர்களே.

6. வீட்டுக்காரரின் பங்கு

இன்று பெரிதும் விற்கப்படும் கலப்புச் சிமெண்டில் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். தளத்தின் முட்டுகளை உரிய நாளுக்குமுன் பிரிக்க விடலாகாது. தண்ணீர் விடும் பொறுப்பு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு

வேலைப் பட்டியல், பொருள்களின் தரம், அளவை முறை, தவணைகள், முடிக்கும் நாள், இரு சாட்சிகள் ஆகிய ஆறும் அடங்கிய மாதிரி ஒப்பந்தம் ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் வைத்திருக்கலாம். எழுதப் படிக்க இயலாதவர்க்கு அதனைப் படித்துக் காட்டி, சாட்சியாக நிற்கலாம். பிணக்கு முற்றினால், வீடு கட்டும் பணியும் சேவையே என்பதால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை நாட இடமுண்டு. அங்கும் எழுத்தும் சீட்டுமே துணை நிற்கும். ஒரு தாளில் அரைமணி நேரம் எழுதுவதனால் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்புக் காக்கப்படுமாயின், அதுவும் ஊராட்சி செய்யத்தக்க நற்பணியே ஆகும்.