காரின் குளிர்விப்பு அமைப்பை வீட்டிலேயே அலசுதல்

எஞ்சினின் வெப்பத்தை ஏற்றுவந்து ரேடியேட்டர் வழியே காற்றுக்கு விடும் திரவமாகிய கூலன்ட், நாள்பட அதிலுள்ள துருத்தடுப்புச் சேர்மங்களை இழந்துவிடுவதால், பனியே காணாத புதுச்சேரியிலும் வாகனக் கையேடு குறிக்கும் காலத்தில் அதை மாற்றியாக வேண்டும். ரெட்டியார்பாளையம் போன்ற பகுதிகளில் புழங்கும் நிலத்தடி நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் படிந்து ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கக்கூடும் என்பதால், குழாய்நீரைத் தவிர்த்து, பேட்டரிக் கடைகளில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்துவது நன்று.

எஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். அழுத்தத்தால் 100 டிகிரி செல்சியஸைக் கடந்தும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம், மூடி தளர்ந்த கணமே சீறியெழுந்து முகத்தைப் பொசுக்கிவிடும். ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்திப் பழைய திரவத்தை அகன்ற தட்டில் பிடித்தபின், திருகை இறுக்கி, டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டால், பெரும்பாலான கார்களில் 82 முதல் 90 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக்கதவு திறந்து, நீர் எங்கும் சுற்றிவரும். ஆறவிட்டு வடிப்பதைத் தெளிநீர் வரும்வரை திரும்பச் செய்து, கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டை, அது செறிவானதெனில் பொதுவாகச் சம அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, நிரப்ப வேண்டும். (நிறம் ஒன்றென்பதால் வகை ஒன்றாகிவிடாது, கடைக்காரர் சொல்லைவிடக் கையேடே நம்பத்தக்கது.)

வடித்ததைச் சாக்கடையில் ஊற்றலாகாது. பெரும்பாலான கூலன்ட்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால், இனிப்புச் சுவையால் நாய்களையும் குழந்தைகளையும் ஈர்க்கக்கூடிய கொடிய நஞ்சாகும்.