முள் ஒன்று, வலி இரண்டு

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து பெரியகுளம் பக்கமாக இறங்கும் பழைய மலைப்பாதையில் வெள்ளகவி என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊருக்குள் செருப்பு அணிவதில்லை என்பது அவ்வூர் மக்களின் வழக்கம். நீங்களும் அங்கே வெறுங்காலுடன் நடப்பதாக வைத்துக்கொள்வோம். பாதத்தில் ஒரு முள் தைக்கிறது. என்ன நிகழும்?

முதலில் 'சுருக்'கென்று ஒரு குத்தல். சிறிது நேரம் கழித்து எரிச்சலோடு மந்தமான வலி. தைத்தது ஒரே முள். வலி மட்டும் ஏன் இரண்டு?

பாதத்திலிருந்து தண்டுவடம் வரை சுமார் 1 மீட்டர் தூரம். வலிச் செய்தியை இருவகை நரம்பிழைகள் சுமந்து செல்கின்றன. ஒருவகையில் வேகம் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர். மற்றதில் 2 மீட்டருக்கும் குறைவு. விநாடிக்கு 15 மீட்டர் செல்லும் செய்தி 1/15 விநாடியில் போய்ச் சேரும். 1 மீட்டர் செல்லும் செய்திக்கோ ஒரு முழு விநாடி வேண்டும். இரண்டாம் வலி தாமதிப்பது இதனால்தான்.

வேகமான இழையின் இரகசியம் அதன் மயலின் உறை. ஷ்வான் செல்கள் இழையின்மேல் பாய் சுருட்டியது போலப் பல அடுக்காகச் சுற்றியிருக்கின்றன. கொழுப்பு மிகுந்த இவ்வுறை மின்னோட்டம் கசியாமல் காக்கிறது. 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ நீளம் சென்றதும் உறையில் மிகச் சிறிய இடைவெளி ஒன்று வரும். இதுவே ரேன்வியர் கணு. கரும்பின் கணுக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நரம்புத் துடிப்பு எழுவதற்குச் சோடியம் அயனிகள் இழைக்குள் பாய வேண்டும். உறையற்ற இழையில் இது வழிநெடுக நடந்தாக வேண்டும், எனவே தாமதம். உறையுள்ள இழையில் கணுக்களில் மட்டும் நடந்தால் போதும். ஒரு கணுவில் எழும் மின்மாற்றம் உறையின் அடியில் விரைந்து பரவி அடுத்த கணுவைத் தூண்டுகிறது. வழியில் தளர்ந்த துடிப்பு அங்கே மீண்டும் முழு வலிமை பெறுகிறது. இதுவே தாவல் கடத்தல். 1949-இல் ஹக்ஸ்லியும் ஸ்டாம்ப்ஃலியும் தவளையின் நரம்பிழையில் இதனைச் சோதித்துக் காட்டினர்.

வலியே இல்லாவிட்டால் நல்லது என்று தோன்றுகிறதா? தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்களுக்குள்ளேயே குடிபுகுகிறது. நாளடைவில் நரம்பு பழுதாகிறது. முள் தைத்தாலும் தெரியாது. புண் கவனிப்பாரின்றிப் பெருகிப் பாதத்தையே சிதைக்கும்.

ஆகவே, உடலில் நிறம் மாறி, உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். மருந்து இலவசம்; நோய் முற்றிலும் குணமாகும். காலத்தே தொடங்கினால் நரம்புகளும் தப்பும்.