பிளேஆஃப் நடுவருக்குக் கையில் நிற்பது எவ்வளவு?

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்காவின் பள்ளிக் கூடைப்பந்து நடுவர்களுக்குள் ஒரே பேச்சுதான். யாருக்கு பிளேஆஃப் ஆட்டம் கிடைத்தது, எவ்வளவு தருகிறார்கள்? இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் எதிர்பார்ப்பது ஒற்றை எண். சொல்லிவிடலாம்: பல மாநிலங்களில் பள்ளியின் முதன்மை அணி ஆடும் ஒரு வார்சிட்டி ஆட்டத்துக்கு 70 டாலரிலிருந்து 120 டாலருக்குள் இருக்கும், பிளேஆஃபில் சுற்று ஏற ஏறக் கொஞ்சம் கூடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் தொல்லை. பலர் கூலித் தாளின் மேல் வரியில் தடித்த எழுத்தில் இருக்கும் தொகையைப் பார்த்து, ஆட்டத்தை ஏற்கும் 'சரி' பொத்தானை அழுத்துகிறார்கள். கையில் நிற்பதைத் தீர்மானிக்கும் பயணப்படி விதி கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கிறது. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் விசா. எச்-1பி-யில் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மனுச் செய்து உங்களை அழைத்து வந்த நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் சம்பாதிக்க அனுமதி கிடையாது. ஒரு மாலை விசில் ஊதி வாங்கும் 80 டாலரும் சம்பாத்தியம்தான். எஃப்-1 மாணவர்களும் இதில் கை வைக்க வேண்டாம். எச்-4-இல் இருப்பவர் வேலை அனுமதி அட்டை வாங்கியிருந்தால் தாராளமாக வரலாம், பச்சை அட்டைக்காரர்களுக்குத் தடையே இல்லை. "காசு வாங்காமல் ஊதினால் என்ன?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. மற்றவர்கள் கூலி வாங்கிச் செய்கிற வேலையை நீங்கள் சும்மா செய்தாலும் சிக்கல் வரலாம். என்னிடம் கேட்காதீர்கள், குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சரி, விசில் ஊத அனுமதி உண்டு என்றால் முதல் வேலை, சரியான கூலித் தாளைக் கண்டுபிடிப்பது. ஆட்ட விதிகளை எழுதுவது இண்டியானாபொலிஸில் இருக்கும் தேசியக் கூட்டமைப்பான என்.எஃப்.எச்.எஸ். கூலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிளேஆஃப் கூலியை நிர்ணயிப்பது மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம்: டெக்சாஸில் யு.ஐ.எல்., இல்லினாயில் ஐ.எச்.எஸ்.ஏ., ஒஹாயோவில் ஓ.எச்.எஸ்.ஏ.ஏ. கலிஃபோர்னியா இன்னும் குழப்பம். அங்கே சி.ஐ.எஃப். அமைப்புக்குள் 10 பிரிவுகள், ஒவ்வொன்றும் தன் பிளேஆஃபைத் தானே நடத்துகிறது. அதைத் தாண்டிய வட்டாரச் சுற்றை நடத்துவது மாநில அலுவலகம். ஆகவே ஒரே ஜிம், ஒரே நடுவர், அடுத்தடுத்த இரண்டு வாரம், இரண்டு வேறு தாள்கள் என்று நடக்கலாம். சான் ஹொசேயில் இருக்கும் மைத்துனர் சொன்ன தொகையை நம்பி லாஸ் ஏஞ்சலஸில் கணக்குப் போடாதீர்கள்.

தாள் இந்த ஆண்டுத் தாளாக இருக்கட்டும். 2018-19-க்குப் பிறகு மூன்றே ஆண்டுகளில் சுமார் 50,000 பள்ளி நடுவர்கள் விலகிவிட்டதாகத் தேசியக் கூட்டமைப்பே சொன்னது. ஆள் பிடிக்க முடியாமல் பல மாநிலங்கள் கூலியை ஏற்றின. போன சீசன் தாளைச் சேமித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பது வீண்.

தாளில் வேகமாகப் பார்க்க வேண்டியவை சில. உங்கள் சுற்று எது, எத்தனை நடுவர்கள், மாற்று நடுவராக உட்கார்ந்திருந்தால் என்ன தருவார்கள், பனி கொட்டி ஆட்டம் நின்றுபோனால் போய்ச் சேர்ந்தவருக்கு ஏதாவது உண்டா. எட்டு நிமிடக் கால் பகுதிகள் நான்கு முடிந்து ஸ்கோர் சமமாக நின்றால் நான்கு நான்கு நிமிடமாகக் கூடுதல் ஆட்டம் நடக்கும், அதற்குத் தனிக் காசை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு நடுவர் ஆட்டம் என்றால் நான் மறுத்துவிடுவேன். மூன்று பேர் ஓடும் மைதானத்தை அதே கூலிக்கு இரண்டு பேர் ஓடுவது இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு.

ஆட்டக் கணக்கில் கூலி வாங்குவதற்குச் சட்டப் பக்கமும் ஒன்று இருக்கிறது. பென்சில்வேனியாவில் லக்ராஸ் நடுவர்கள் தொழிற்சங்கம் அமைக்க முயன்ற வழக்கு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அவர்கள் மாநிலச் சங்கத்தின் ஊழியர்கள் அல்லர், சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள் என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. மணிக் கணக்கில் இல்லாமல் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதும் அதற்கு ஒரு காரணம். ஒப்பந்தக்காரர் என்றால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் துணைக்கு வராது, முதலாளி பங்கு வரியையும் நீங்களே கட்ட வேண்டும். இது கீழே கணக்கில் வரும்.

இனி ஆட்கள் விழும் பள்ளம்.

சீசன் ஆட்டங்கள் பக்கத்து ஊரில் நடக்கும். பிளேஆஃபில் இரண்டு பள்ளிக்கும் ஒட்டாத நடுவர் வேண்டும் என்று தூரத்திலிருந்து அழைப்பார்கள், அதற்காகத்தான் பயணப்படி. அந்த விதியில் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். மைல் எங்கிருந்து தொடங்குகிறது, உங்கள் வீட்டு வாசலிலிருந்தா, சங்கத்தில் பதிவான அஞ்சல் குறியீட்டிலிருந்தா? ஒரு வழியா, போக வரவா? முதல் எத்தனை மைல் கழிப்பார்கள்? தொகை ஆளுக்கா, காருக்கா? இந்த நான்கும் தெரியாமல் "மைலுக்கு 40 சென்ட் தருகிறார்கள்" என்று சொல்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

எண்கள் எளிதாக இருக்க ஒரு கற்பனைத் தாளை எடுத்துக்கொள்வோம். ஆட்டக் கூலி 100 டாலர். போக வர முதல் 50 மைலுக்கு ஒன்றும் இல்லை, அதற்கு மேல் மைலுக்கு 40 சென்ட். ஜிம் 70 மைல் தூரம், போக வர 140. கழித்தது போக 90 மைல், அதற்கு 36 டாலர். மொத்தம் 136. இந்த இடத்தில்தான் எல்லோரும் சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுகிறார்கள்.

கார் சும்மா ஓடாது. பெட்ரோல், டயர், காப்பீடு, தேய்மானம் எல்லாம் சேர்த்து வரித் துறையான ஐ.ஆர்.எஸ். ஆண்டுதோறும் ஒரு மைல் விகிதம் அறிவிக்கிறது. 2025-க்கு அது 70 சென்ட். 140 மைலுக்கு 98 டாலர். 136-இல் அதைக் கழித்தால் 38. அந்த 38-க்குச் சுயதொழில் வரி 15.3 விழுக்காடு (நிகர லாபத்தில் 92.35 விழுக்காட்டின் மேல் போடுவார்கள்), சுமார் 5 டாலர். 22 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்குக் கூட்டாட்சி வருமான வரி 8 டாலரை ஒட்டி வரும். மிச்சம் 25. நான்கு மணிக்குக் கிளம்பிப் பதினொன்றுக்கு வீடு வந்தால் ஏழு மணி நேரம். வகுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, நீங்களே பாருங்கள்.

இப்போது ஜனவரியின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. 15 மைலில் ஒரு பள்ளி. முதலில் இரண்டாம் அணியான ஜேவி ஆட்டத்துக்கு 60, பிறகு வார்சிட்டிக்கு 90, ஆக 150. பயணப்படி கிடையாது. கார் செலவு 30 மைலுக்கு 21. மீதி 129-இல் இரண்டு வரியும் சேர்ந்து 45-ஐத் தொடும். 84 டாலர் கையில், ஐந்து மணி நேரத்தில். பெருமை இல்லாத அந்தச் செவ்வாய்க்கிழமை பிளேஆஃபைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தருகிறது.

அதனால் நான் ஆட்டக் கணக்கில் பார்ப்பதே இல்லை, மாலைக் கணக்கில்தான் பார்ப்பேன். ஒரே இடத்தில் ஒரே இரவில் இரண்டு ஆட்டம் தரும் சுற்றுகளை முதலில் கேட்டு வாங்குங்கள். ஒரு வழி 60 மைலுக்கு மேல் தனியாக ஓட்டிப் போவதில்லை என்பது என் விதி. ஒஹாயோவில் டேட்டன் அரங்கம், சாக்ரமென்டோவில் கோல்டன் 1 சென்டர் என்று மாநில இறுதிச் சுற்று வரை போகிற ஆசை எல்லோருக்கும் இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆசைக்காகப் போகிற இரவை ஆசைக் கணக்கில் எழுதுங்கள், அதைச் சம்பாத்தியம் என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

நஷ்டத்தைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு. மூன்று நடுவர்களும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கடை வாசலில் கார்களை விட்டுவிட்டு ஒரே வண்டியில் போவது. பயணப்படி ஆளுக்கு என்றால் மூவருக்கும் லாபம், காருக்கு என்றால் ஓட்டுபவருக்குப் போகட்டும், மற்ற இருவரும் தேய்மானத்தை மிச்சப்படுத்திக்கொள்கிறார்கள். போகிற வழியில் ஆட்டத்துக்கு முந்தைய பேச்சையும் முடித்துவிடலாம். திரும்பி வருகிற வழியில் பயிற்சியாளர்களைத் திட்டலாம், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. வரிக் கணக்கில் மைல் கழிப்பது மட்டும் கார் ஓட்டியவருக்குத்தான்.

வரியில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, 1099-என்.இ.சி. படிவம் வரவில்லை, ஆகவே வருமானம் இல்லை என்று நினைப்பது. ஒருவருக்கு ஆண்டில் 600 டாலர் கொடுத்தால் அந்தப் படிவம் தர வேண்டும் என்பது 2025 வரை இருந்த எல்லை; 2026 முதல் கொடுக்கும் பணத்துக்கு அது 2,000 ஆகிவிட்டது. இனிப் படிவம் இன்னும் குறைவாகவே வரும். வருமானம் வருமானம்தான். ஆண்டு நிகர லாபம் 400 டாலரை எட்டினால் சுயதொழில் வரியும் உண்டு. உங்கள் அலுவலகச் சம்பளமே சமூகப் பாதுகாப்பு வரி உச்சவரம்பைத் தாண்டியிருந்தால் (2025-இல் 1,76,100 டாலர்) அதில் பெரிய பகுதி விழாது, மெடிகேருக்கான 2.9 விழுக்காடு விழும். கணினித் துறை நண்பர்கள் பலர் இதைக் கவனிக்காமல் என்னிடம் புலம்புகிறார்கள்.

இரண்டாவது தவறு பயணப்படியில். அந்த 36 டாலர் கூலியோடு சேர்ந்து படிவத்தில் வந்திருந்தால், அதை வருமானமாகக் காட்டிவிட்டு 140 மைலையும் கழிக்கலாம். 36 டாலரைத் தனியாகத் திருப்பித் தந்து படிவத்தில் சேர்க்காமல் விட்டிருந்தால், கழிக்கும் தொகையிலிருந்து அந்த 36-ஐக் குறைக்க வேண்டும். முதல் வகையில் 50 மைலை மட்டும் கழித்து ஏமாறுபவர்களும் இருக்கிறார்கள், இரண்டாவது வகையில் இரட்டைப் பலன் எடுத்து மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். எந்த வகை என்பது படிவத்தையும் வங்கியில் வந்த தொகையையும் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேதி, ஊர், கிளம்பிய இடம், மைல், எந்த ஆட்டம் என்று ஐந்து தகவல்களை அன்றிரவே குறித்துவிடுங்கள். வீட்டிலிருந்து நேராகப் போகும் நாளையும் அலுவலகத்திலிருந்து போகும் நாளையும் கணக்காளர் தனித்தனியாகக் கேட்பார். மார்ச் மாதத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய குறிப்பேட்டை வரித் துறை மதிக்காது. நடுவர் சங்கச் சந்தா, ஆட்டங்களை நடுவர்களுக்குப் பிரித்துத் தரும் ஒதுக்கீட்டாளர் எடுத்துக்கொள்ளும் கட்டணம், கோடு போட்ட சட்டை, விசில் எல்லாம் செலவுதான். பொதுவாகப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கால்சட்டையில் மட்டும் ஆசைப்படாதீர்கள்.

பணம் பெரும்பாலும் ஆர்பிட்டர்பே போன்ற இணையத் தளம் வழியாக வரும். கணக்கு திறப்பது, டபிள்யூ-9 படிவம் நிரப்புவது, வங்கி எண்ணைச் சரிபார்ப்பது எல்லாவற்றையும் ஜனவரிக்குள் முடித்துவிடுங்கள். பிளேஆஃப் காசு மே மாதம் வரை தொங்குவது பெரும்பாலும் சங்கத்தின் தாமதத்தால் அல்ல, நடுவர் வங்கி எண்ணை மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருப்பதால். போக முடியாத தேதிகளையும் அதே நாளில் அடைத்துவிடுங்கள். ஒதுக்கிய ஆட்டத்தைக் கடைசி நேரத்தில் திருப்பித் தருபவரை அடுத்த ஆண்டுத் தேர்வில் யாரும் மறக்க மாட்டார்கள். தொகை குறைந்து வந்தால் ஒதுக்கீட்டாளரிடம் போய் நிற்காதீர்கள், அவர் கையில் பணம் இல்லை. கூலித் தாளின் அந்த வரியையும் ஜிம்முக்குப் போன பாதையின் வரைபடத்தையும் இணைத்து, அந்தச் சுற்றின் போட்டி மேலாளருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.